பழைய ஃபோர்டு ரேஞ்சருக்கு எக்ஸ்புளோரரின் 8.8 பின் ஆக்ஸில் மாட்டுவது எப்படி

1983 முதல் 2011 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருக்கிறீர்களா? பின்னால் 7.5 அங்குல ஆக்ஸில் இருக்கிறதா? டிரெய்லர் இழுக்கவோ பெரிய டயர் போடவோ நினைத்தால், யாரைக் கேட்டாலும் "எக்ஸ்புளோரரோட 8.8 போட்டுடு" என்பார்கள். எக்ஸ்புளோரர் ஃபோர்டின் எஸ்யூவி. 7.5, 8.8 என்பவை ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். சொல்வது சரிதான். ஆனால் அதற்கு மேல் யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் பிரேக்கோடு நிறுத்துவார், இன்னொருவர் வெல்டிங்கோடு நிறுத்துவார். தகவலைத் துண்டு துண்டாகத் தேடி நான் நிறையவே அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காக எல்லாவற்றையும் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஆக்ஸில்தான் மலிவு. பணமும் வார இறுதிகளும் கரைவதெல்லாம் அதோடு சேர்த்துக் கழற்றாமல் விட்ட கேபிள், ஹோஸ், ஃபிளான்ஞ்ச், கிளிப் போன்ற சில்லறைச் சாமான்களில்தான்.

1. இது உங்களுக்குத் தேவையா?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆக்ஸில் என்ற கட்டத்தில் இரண்டு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். அதை வைத்து உங்கள் வண்டியில் இருப்பது 7.5 ஆ 8.8 ஆ, ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று வர டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று வர வேண்டும் என்ற கணக்கு) என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 4.0 லிட்டர் வி6 ரேஞ்சர்கள் பலவற்றில் கம்பெனியே 8.8 போட்டிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது 28 ஸ்பிளைன் (முனையில் வெட்டியிருக்கும் பல்வரிகள்) ஷாஃப்ட்டும் டிரம் பிரேக்கும் கொண்டது. 1995 முதல் வந்த எக்ஸ்புளோரரில் வருவது 31 ஸ்பிளைன். அந்த ஷாஃப்ட் சுமார் 1.32 அங்குலக் கனம், கூடவே டிஸ்க் பிரேக்.

வீட்டுக்கும் கடைக்கும் ஓடும் நாலு சிலிண்டர் வண்டியாக இருந்து, 7.5 சத்தமில்லாமல் ஓடினால் அதை விட்டுவிடுங்கள். ஆயில் மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்று. ஆக்ஸில் பெரிதானதால் வண்டி அதிக எடை தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள். கதவு ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் மொத்த எடை வரம்பு அப்படியேதான் இருக்கும். பட்டை ஸ்பிரிங், பிரேக், சேஸி, டயர் எல்லாம் பழையவைதானே. எடை நிலையத்தில் நிறுத்தினாலும் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் ஆள் வந்தாலும் பார்ப்பது அந்த ஸ்டிக்கரைத்தான்.

2. எந்த வண்டியிலிருந்து கழற்றுவது?

தேட வேண்டியது 1995 முதல் 2001 வரையான எக்ஸ்புளோரர். 1997 முதல் 2001 வரை வந்த மெர்குரி மவுன்டினீரும் அதே சாமான்தான். இரண்டு கதவு எக்ஸ்புளோரர் ஸ்போர்ட் 2003 வரையும், ஸ்போர்ட் டிராக் 2005 வரையும் முழு ஆக்ஸிலோடு வந்தன.

பலர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. 2002 முதல் நாலு கதவு எக்ஸ்புளோரரில் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. அதில் நமக்கு வேண்டிய முழுக்குழாய் ஆக்ஸிலே கிடையாது. விளம்பரத்தில் "எக்ஸ்புளோரர் 8.8" என்று மட்டும் இருந்தால் வருஷத்தைக் கேட்காமல் காரைக் கிளப்பாதீர்கள். 1991 முதல் 1994 வரையானவை 28 ஸ்பிளைன், டிரம் பிரேக். மாட்டலாம், ஆனால் இவ்வளவு பாடுபட்டு அதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சக்கர போல்ட் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே: 5 போல்ட், 4.5 அங்குல வட்டம். உங்கள் ரிம்மே மாட்டும், ஆனால் அது 14 அங்குல ரிம்மாக இருந்தால் கேலிப்பரில் (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பகுதி) இடிக்க வாய்ப்புண்டு. எக்ஸ்புளோரர் 15 அங்குல ரிம்மோடு வந்த வண்டி. முடிந்தால் அந்த ரிம்களையும் சேர்த்தே பேசி வாங்கிவிடுங்கள்.

அகலத்திலும் வித்தியாசம் உண்டு. எக்ஸ்புளோரர் ஆக்ஸில் சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து மறு முகம் வரை ஏறக்குறைய 59.5 அங்குலம். 1993-க்கு முந்தைய ரேஞ்சரின் ஆக்ஸில் இதைவிட மொத்தத்தில் 3 அங்குலம்போலக் குறுகியது, அதற்குப் பிந்தையது ஓர் அங்குலம்போல. 1993-க்கு முந்தைய ரேஞ்சரில் டயர் கொஞ்சம் வெளியே வந்து நிற்கும். மட்கார்டுக்கு வெளியே டயர் தெரியக் கூடாது என்று உங்கள் மாநிலத்தில் விதி இருந்தால் அதற்கேற்ற ரிம்மைப் பாருங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே ரேஷியோவில் இருந்தே ஆக வேண்டும். முன்னால் 3.73 என்றால் பின்னாலும் 3.73. மாறியிருந்தால் ஃபோர் வீல் போட்ட மாத்திரத்தில், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். விலை மலிவு என்று 3.55 ஐ வாங்கி, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாட்டாதீர்கள்.

3. யார்டுக்குப் போகுமுன்

நம் ஊர்க் காயலான் கடையில் ஆளே கழற்றிக் கொடுத்துவிடுவார். இங்கே அமெரிக்காவில் பழைய வண்டிகளை உதிரிக்கு விற்கும் யார்டுகள் இரண்டு வகை உண்டு. முழுச்சேவை யார்டில் அவர்களே கழற்றித் தருவார்கள், விலை 300 முதல் 500 டாலர் வரை போகும், உத்தரவாதமும் இருக்கும். சுயசேவை யார்டில் நீங்களே கழற்ற வேண்டும், 150 முதல் 250 டாலருக்குள் முடியும். ஊருக்கு ஊர் மாறும் விலைகள் இவை. போன் செய்து "டிஸ்க் பிரேக்கோடு முழு பின் ஆக்ஸில் என்ன விலை, கோர் டெபாசிட் எவ்வளவு" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆக்ஸிலைத் திருப்பிக் கொடுக்காதவர்களிடம் பிடித்துக்கொள்ளும் முன்பணம்தான் கோர் டெபாசிட். பலரும் இதைக் கேட்க மறந்துவிட்டு பில் போடும்போது முழிப்பார்கள்.

தேடுவதற்கு கார்-பார்ட் டாட் காம் முழுச்சேவை யார்டுகளுக்கு நன்றாக உதவும். சுயசேவை யார்டுகளுக்கு ரோ52 தளத்தில் எந்த வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்கலாம். புதிதாக உள்ளே வந்த வண்டியாகப் பார்த்துப் போங்கள். ரொம்ப நாள் நின்ற எக்ஸ்புளோரரில் இந்த ஆக்ஸில் மிஞ்சுவது அபூர்வம்.

சுயசேவை யார்டில் வாசலில் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மூடிய ஷூ கட்டாயம். பல யார்டுகளில் ஜாக்கியும் கேஸ் கட்டரும் உள்ளே விட மாட்டார்கள், வண்டிகளை ஏற்கெனவே ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருப்பார்கள். பேட்டரி கிரைண்டருக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், ஏனென்றால் ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டியிருக்கும் துருப்பிடித்த யூ-போல்ட்டை ஸ்பேனரால் கழற்ற முயல்வது பாதி நாளை விழுங்கும். ஆக்ஸில் பிரேக்கோடு சேர்த்து 200 பவுண்டுக்குக் குறையாது. இன்னொரு ஆளில்லாமல் போகாதீர்கள்.

4. யார்டில்: முதலில் ரேஷியோ, பிறகு ஸ்பேனர்

எனக்கு விற்ற ஒரு யார்டு, சாக்பீஸால் "லிமிடெட் ஸ்லிப்" என்று எழுதியே கொடுத்தது. ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை கொடுக்கும் வகை அது. வீட்டில் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது சாதாரண ஓபன் டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுப்பு). ஆகவே எழுதியிருப்பதை நம்பாதீர்கள், மூன்று இடத்தில் சரிபாருங்கள்.

முதலாவது, எக்ஸ்புளோரரின் கதவு ஸ்டிக்கர். ஆக்ஸில் கட்டத்தில் டி4 என்று இருந்தால் 3.73 ரேஷியோ, லிமிடெட் ஸ்லிப். இரண்டாவது, டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் கோத்திருக்கும் சின்னத் தகரப் பட்டயம். பிசினும் துருவும் ஏறி வெறும் கறுப்புத் துண்டாகத்தான் தெரியும். கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, விரலில் கொஞ்சம் சாக்பீஸ் பொடி எடுத்துத் தடவுங்கள். 3எல்73 என்று குழிந்த எழுத்து வெள்ளையாக எழும். நடுவில் எல் இருந்தால் லிமிடெட் ஸ்லிப், எல் இல்லாமல் இரண்டு எண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் ஓபன். பக்கத்திலேயே 8.8 என்றும் இருக்கும்.

மூன்றாவது, கையால் சுற்றிப் பார்ப்பது. ஸ்டிக்கரும் பட்டயமும் காணாமல் போயிருக்கலாம், யாராவது உள்ளே மாற்றியும் இருக்கலாம், ஆகவே இதைத் தவிர்க்க வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்றுங்கள். மறுபக்கம் அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப். எதிர்த்திசையில் சுற்றினால் ஓபன், அல்லது தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். ரேஷியோவுக்கு, பினியன் ஃபிளான்ஞ்சிலும் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் வட்டத் தட்டு) ஹவுசிங்கிலும் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். லிமிடெட் ஸ்லிப்பில் இரு சக்கரமும் ஒரு முழுச் சுற்று வரும்போது ஃபிளான்ஞ்ச் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 3.73, மூன்றரையைச் சற்றுத் தாண்டினால் 3.55. ஓபனில் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு சுற்று சுற்றி எண்ண வேண்டும்.

கையால் சுற்றும்போது கரகரவென்று உணர்ந்தாலோ, பினியன் மேலும் கீழும் ஆடினாலோ வேறு வண்டியைப் பாருங்கள்.

சரி, இனிக் கழற்றலாம். ஆக்ஸிலோடு சேர்த்து இவற்றையும் எடுங்கள்: இரு பக்கக் கேலிப்பர், அதன் பிராக்கெட், டிஸ்க். ஆக்ஸில் மேல் ஓடும் இரும்பு பிரேக் குழாய்களும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸும். ஹேண்ட் பிரேக் கேபிள்கள் இரண்டும், சேஸியில் கோத்திருக்கும் முனை வரை. அவசரத்தில் இதைத்தான் எல்லாரும் கட்டரால் வெட்டுவார்கள், பிறகு புதிதாக வாங்குவார்கள். டிஃபரன்ஷியல் மேலே செருகியிருக்கும் சென்சாரும் அதன் பிளக்கும், வயரில் ஓரடியோடு. டிரைவ் ஷாஃப்ட்டின் பின்முனை ஃபிளான்ஞ்ச், அதன் நாலு போல்ட். அந்த போல்ட்டுகளின் தலை 12 முனை கொண்டது, 12 மில்லிமீட்டர். சாதாரண ஆறு முனை சாக்கெட் அதில் உட்காராது, 12 முனை சாக்கெட்டை எடுத்துப் போங்கள்.

பினியன் ஃபிளான்ஞ்சின் நடுவிலிருக்கும் பெரிய நட்டை மட்டும் தொடாதீர்கள். அதன் இறுக்கத்தில்தான் உள்ளே பேரிங்கின் முன்னழுத்தம் நிற்கிறது. தளர்த்திவிட்டுக் குத்துமதிப்பாக இறுக்கினால் சில ஆயிரம் மைலில் ஊளையிட ஆரம்பித்துவிடும்.

வெளியே வரும்போது பில்லில் வண்டியின் வருஷம், மாடல், யார்டின் ஸ்டாக் எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "ஆக்ஸில்" என்று மட்டும் இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். கதவு ஸ்டிக்கரையும் வின் எண்ணையும் (வண்டியின் அடையாள எண்) போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருவதற்கான கெடு பல யார்டுகளில் 30 நாள்தான், அதுவும் பில்லும் அவர்கள் பெயின்ட்டால் போட்ட குறியும் இருந்தால்தான். குறியை அழித்துக் கழுவிவிடாதீர்கள்.

5. செலவு

ஆக்ஸிலை விட்டுவிட்டு மற்றதற்குத் தோராயமாக இவ்வளவு எடுத்து வையுங்கள். சக்கர பேரிங்கும் ஆயில் சீலும் இரு பக்கத்துக்கும் 60 முதல் 90 டாலர். டிஸ்க், பேட், ஹேண்ட் பிரேக் ஷூ எல்லாம் புதிதென்றால் 120 முதல் 180. பட்டை உட்காரும் இரும்பு மேடைகள், கடையில் ஸ்பிரிங் பெர்ச் என்று கேட்க வேண்டும், ஜோடி 20 முதல் 40. புதிய யூ-போல்ட் நாலு, 40 முதல் 60. டிரைவ் ஷாஃப்ட்டுக்குக் கலப்பு கிராஸ் (இரு அளவுகளை இணைக்கும் யூ-ஜாயின்ட்) ஒன்று 25 முதல் 40. சிந்தெடிக் கியர் ஆயில், அதில் கலக்கும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர், சிலிக்கான் கேஸ்கெட், பிரேக் ஆயில் எல்லாம் சேர்ந்து 80 முதல் 100. வெல்டிங்குக்கு வெளியாள் என்றால் 100 முதல் 200.

ஆக சுயசேவை யார்டில் வாங்கிய ஆக்ஸிலையும் சேர்த்தால் 600 டாலருக்குக் குறைந்து இது நல்லபடியாக முடியாது, 1,000 வரை போகலாம். "இருநூறு டாலர் வேலை" என்று யாராவது சொன்னால் அவர் பழைய பேட், பழைய சீலோடு மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

நேரம்: கழற்ற ஒரு சனிக்கிழமை, திறந்து பழுது பார்க்க ஒரு வார இறுதி, மாட்ட ஒரு நீண்ட வார இறுதி. அந்த வண்டியில்தான் திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்றால் மாற்று ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

6. திறந்து பார்ப்பது

ஆக்ஸில் தரையில் இருக்கும்போதே எல்லாப் பழுதும் பார்த்துவிட வேண்டும். வண்டிக்கு அடியில் மாட்டிய பிறகு அதே வேலை மூன்று மடங்கு கஷ்டம்.

மூடியைக் கழற்றி ஆயிலை வடியுங்கள். ஆயிலில் சாம்பல் நிறப் பொடி இருப்பது சாதாரணம், இரும்புச் சில்லுகள் இருந்தால் யார்டுக்குத் திரும்புங்கள். ஷாஃப்ட்டை வெளியே இழுக்க, டிஃபரன்ஷியல் நடுவிலிருக்கும் குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டை எடுக்க வேண்டும். தலை 5/16 அங்குலம். இது உடைவதற்குப் பேர்போனது. ஆறு முனை ஸ்பேனர் மட்டும் போடுங்கள், வராவிட்டால் சூடு காட்டுங்கள். திரும்ப மாட்டும்போது புது போல்ட், திரெட்லாக்கர் தடவி. பின்னை எடுத்ததும் ஷாஃப்ட்டை உள்ளே தள்ளினால் சி வடிவ கிளிப் விழும், பிறகு ஷாஃப்ட் வெளியே வந்துவிடும்.

இந்த ஆக்ஸிலில் சக்கர பேரிங்கின் உருளைகள் ஷாஃப்ட்டின் மேல் நேரடியாக ஓடுகின்றன. அந்த இடத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளமோ பொரியோ இருந்தால் அந்த ஷாஃப்ட்டில் புது பேரிங் போட்டுப் பயனில்லை, ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும்.

உப்புப் போடும் வடக்கு மாநிலங்களில் உள்ளவர்கள் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டைத் தட்டிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் ஷூ அதில்தான் உட்காருகிறது. துருத் தின்று காகிதமாகிவிட்ட தகடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை மாற்ற ஷாஃப்ட்டை வெளியே இழுத்தாக வேண்டும், இப்போதே மாற்றிவிடுங்கள்.

7. பழையதை இறக்குவது

முந்தைய நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸியை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் ஃபிளான்ஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் குறி போடுங்கள். பிரேக் ஹோஸ், கேபிள், சென்சார், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் பிரித்த பிறகு யூ-போல்ட். பழைய யூ-போல்ட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அறுத்துத் தள்ளுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. தவிர 7.5 ஆக்ஸிலின் யூ-போல்ட் எக்ஸ்புளோரரின் 3.25 அங்குலக் குழாய்க்கு அகலமும் போதாது.

பழையதை வெளியே இழுத்ததும் எதையும் குப்பையில் போடாதீர்கள். அளவெடுக்க அது வேண்டும்.

8. மேடை வெல்டிங்: அவசரப்படக் கூடாத இடம்

எக்ஸ்புளோரரில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே ஓடுகிறது. ரேஞ்சரில் ஆக்ஸிலுக்கு மேலே. அதனால் எக்ஸ்புளோரர் ஆக்ஸிலின் மேடைகள் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கும், நமக்கு மேல்பக்கத்தில் வேண்டும். முழு வேலையிலும் திரும்பப் பெற முடியாத ஒரே கட்டம் இதுதான்.

பழைய மேடைகளைக் கிரைண்டரால் அறுத்தெடுங்கள். குழாயில் வெட்டுப் படக் கூடாது. கடைசி இரண்டு மில்லிமீட்டரை அறுக்காமல் தேய்த்தே எடுங்கள்.

அளவு: ரேஞ்சரின் இரண்டு பட்டைகளுக்கும் நடுமையத்திலிருந்து நடுமையம் வரை வண்டியிலேயே அளந்து, பழைய ஆக்ஸிலின் மேடைகளோடு ஒத்துப்பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். புது ஆக்ஸிலில் சக்கரம் பொருந்தும் இரு முகங்களுக்கும் இடையே உள்ள நீளத்திலிருந்து இந்த அளவைக் கழித்து, மிச்சத்தை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு முகத்திலிருந்தும் மேடை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். டிஃபரன்ஷியல் உருண்டையிலிருந்து அளக்காதீர்கள். எக்ஸ்புளோரர் ஆக்ஸிலில் பினியன் நடுவில் இல்லை, பயணி பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. உருண்டையை நடு என்று நினைத்து அளந்தால் ஒரு பக்க டயர் வெளியே தள்ளும்.

மேடையை இப்போது வெல்டு செய்ய வேண்டாம். குழாயின் மேல் சும்மா வைத்து, ஆக்ஸிலைப் பட்டைக்கு அடியில் தூக்கி, பட்டையின் நடு போல்ட் தலை மேடை ஓட்டையில் உட்காரும்படி பொருத்தி, புது யூ-போல்ட்டை லேசாக மட்டும் இறுக்குங்கள். கீழே ஷாக் அப்சார்பரைப் பிடிக்கும் பிளேட்டின் ஓட்டைகள் அகலமான யூ-போல்ட்டுக்குப் பொருந்துகின்றனவா என்று இப்போதே பாருங்கள். பொருந்தாவிட்டால் 8.8 உள்ள ரேஞ்சரின் பிளேட்டைத் தேடுங்கள், இல்லையென்றால் லேத் பட்டறையில் ஓட்டையை நகர்த்திக் கொடுப்பார்கள். பிறகு சக்கரத்தை மாட்டி வண்டியை முழு எடையோடு தரையில் இறக்குங்கள்.

இனிக் கோணம். போனிலுள்ள கோணமானி போதும். கியர்பாக்ஸின் பின்முனை எத்தனை டிகிரி கீழ்நோக்கி இருக்கிறதோ, பினியன் அதே அளவு மேல்நோக்கி இருக்க வேண்டும், அதாவது இரண்டும் இணையாக. பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பினியன் மேலே எழும்பும் என்பதால், அதிலிருந்து 1 அல்லது 2 டிகிரி குறைத்து வையுங்கள். கியர்பாக்ஸ் 4 டிகிரி கீழே என்றால் பினியன் 2 முதல் 3 டிகிரி மேலே. இது ஒற்றைத் துண்டு டிரைவ் ஷாஃப்ட்டில் இரு முனையிலும் சாதாரண கிராஸ் உள்ள வண்டிக்கு மட்டும். முன்முனையில் இரட்டைக் கிராஸ் இருந்தால் பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்த்து இருக்க வேண்டும். நடுவில் பேரிங்கோடு இரண்டு துண்டாக இருந்தால் அனுபவமுள்ள டிரைவ் ஷாஃப்ட் கடைக்காரரிடம் காட்டிவிட்டு மேலே போங்கள்.

கோணம் சரியாக வந்ததும் ஒவ்வொரு மேடைக்கும் நாலு புள்ளி மட்டும் டாக் வெல்டு. மறுபடி கோணத்தையும் தூரத்தையும் அளந்து, சரி என்றால் ஆக்ஸிலை இறக்கிக் கீழே வைத்து முழு வெல்டு. ஒரே மூச்சில் ஓட்டாமல் ஓர் அங்குலம் இந்தப் பக்கம், ஓர் அங்குலம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் குழாய் வளைந்து ஷாஃப்ட் சீலைத் தின்னும். 110 வோல்ட்டில் ஓடும் மலிவு மெஷின் இதற்குப் போதாது. மேலே அழகாகத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. உங்களிடம் நல்ல 220 வோல்ட் மெஷினும் கைப்பழக்கமும் இல்லையென்றால் டாக் போட்டு நிறுத்திவிட்டு, வெல்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்த ஒரு வெல்டிங்தான் பின் சக்கரங்களை வண்டியோடு பிடித்து வைத்திருக்கப் போகிறது.

9. டிரைவ் ஷாஃப்ட்

எக்ஸ்புளோரர் ஃபிளான்ஞ்ச் பெரியது, அதில் உள்ள கிராஸ் 1330 அளவு. ரேஞ்சர் ஷாஃப்ட்டில் பெரும்பாலும் 1310. யார்டிலிருந்து எடுத்து வந்த எக்ஸ்புளோரர் ஃபிளான்ஞ்சை உங்கள் ஷாஃப்ட்டில் மாட்ட, இரு அளவையும் இணைக்கும் கலப்பு கிராஸ் வேண்டும். ஸ்பைசர் 5-134எக்ஸ் அதற்கானது. வாங்குமுன் உங்கள் இரு முனைகளையும் வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போது முன்னாலுள்ள, உள்ளும் வெளியும் நகரும் ஸ்லிப் பகுதி முழுதாக உள்ளே முட்டவும் கூடாது, நுனியில் தொங்கவும் கூடாது. முட்டினால் முதல் பள்ளத்திலேயே கியர்பாக்ஸ் பின் பேரிங்கைத் தாக்கும். அப்படியிருந்தால் ஷாஃப்ட் கடையில் கொடுத்துக் குறைத்து, பேலன்ஸ் செய்து வாங்குங்கள்.

ஃபிளான்ஞ்ச் போல்ட்டுகளை 70 முதல் 95 ஃபுட்-பவுண்டுக்குள், திரெட்லாக்கரோடு.

10. பிரேக்

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்குப் போகிறீர்கள், ஆகவே பெடல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். இரும்புக் குழாய் நட்டின் மரையை உங்கள் ஹோஸோடு பொருத்திப் பார்த்து வாங்குங்கள், கட்டாயப்படுத்தித் திருகாதீர்கள். காற்றை முழுதாக எடுத்த பிறகும் பெடல் ஆழமாகப் போனால் எக்ஸ்புளோரரின் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். வண்டி நடமாட்டமே இல்லாத இடத்தில், முதலில் 15 மைல் வேகத்தில், பிறகு 30-இல் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்னால் பூட்டிக்கொண்டால் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள், பிரேக் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வேறு எதிலும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

ஹேண்ட் பிரேக்குக்கு எக்ஸ்புளோரர் கேபிள்களை ரேஞ்சரின் நடுக்கேபிளோடு கோக்க வேண்டும். மேட்டில் நிறுத்திச் சோதியுங்கள்.

உங்கள் ரேஞ்சருக்கு ஏபிஎஸ் இல்லையென்றாலும் டிஃபரன்ஷியல் மேலுள்ள சென்சாரைக் கழற்றி எறியாதீர்கள், அதுதான் அந்த ஓட்டையின் மூடி.

11. ஆயிலும் ஸ்பீடோமீட்டரும்

75 டபிள்யூ-140 சிந்தெடிக். மொத்தம் 5.5 பைன்ட் அளவு, நிரப்பும் ஓட்டையின் விளிம்பு வரை. லிமிடெட் ஸ்லிப் என்றால் அதில் 4 அவுன்ஸ் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர். அதைப் போடாவிட்டால் திருப்பங்களில் பின்னாலிருந்து கடகடவென்று தட்டும், புதிதாக மாட்டியவர்கள் டிஃபரன்ஷியலே போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். மூடியில் சிலிக்கான் தடவி 28 முதல் 38 ஃபுட்-பவுண்டு இறுக்கி, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் காயவிட்டுப் பிறகு ஆயில் ஊற்றுங்கள்.

ரேஷியோ மாறினால் ஸ்பீடோமீட்டர் மாறுமா என்பது உங்கள் வருஷத்தைப் பொறுத்தது. கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் பழைய ரேஞ்சரில் மாறும். 3.45 இலிருந்து 3.73-க்குப் போனால் நிஜத்தில் 60 மைல் ஓடும்போது 65 காட்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம் மாற்றினால் சரியாகும். டிஃபரன்ஷியல் சென்சாரிலிருந்து எடுக்கும் பிந்தைய வண்டிகளில், சென்சார் சக்கரத்தோடு சுற்றும் வளையத்தைப் படிப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

12. ஓட்டத் தொடங்கியதும், காகிதங்களும்

முதல் 100 மைலில் யூ-போல்ட் நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். சக்கர நட் 100 ஃபுட்-பவுண்டு. யூ-போல்ட்டுக்கு உங்கள் வருஷத்துப் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவு. முதல் 500 மைல்வரை டிரெய்லர் வேண்டாம். 45 முதல் 60 மைலுக்குள் ஓர் அதிர்வு வந்தால் பெரும்பாலும் பினியன் கோணம், அல்லது ஷாஃப்ட் பேலன்ஸ்.

நான் இருக்கும் பென்சில்வேனியாவில் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை உண்டு. வர்ஜீனியா, நியூயார்க்கிலும் அப்படியே. டெக்சாஸில் 2025 ஜனவரியோடு தனியார் வண்டிகளுக்கு அது நின்றுவிட்டது. சோதனை உள்ள மாநிலத்தில் இருந்தால் ஸ்டிக்கர் காலாவதியாகும் மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் வண்டியை எடுக்கவே முடியாது. சோதனைக்காரர் சக்கரத்தைக் கழற்றியதும் ரேஞ்சரில் டிஸ்க்கைப் பார்த்துக் கேள்வி கேட்பார். யார்டு பில், புதுச் சாமான் பில்கள், வெல்டரின் ரசீது மூன்றையும் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பின் ஆக்ஸிலும் பிரேக்கும் மாற்றியதைத் தெரிவித்து, பதிலைச் சேமித்து வையுங்கள்.

கடைசியாக, ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்: எந்த வருஷ எக்ஸ்புளோரர், வின் எண், ரேஷியோ, லிமிடெட் ஸ்லிப், ஆயில் அளவு, கிராஸின் எண், யூ-போல்ட்டின் அளவு. அடுத்த முறை பின் பிரேக் பேட் வாங்கப் போகும்போது கவுன்டரில் ரேஞ்சர் என்று சொன்னால் டிரம் ஷூவைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வண்டியை விற்றால் அந்தத் தாளும் வாங்குபவரிடம் போக வேண்டும்.